கீழக்கரைக்கு நிரந்தரமாக வந்துவிடலாமா? கிள்ளான் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வாப்பா 1979ல் கீழக்கரையிலிருந்து மலேசியா போனார். உம்மா 1986ல் போய்ச் சேர்ந்தார். நீங்கள் கிள்ளானில் பிறந்தவர், வயது 36, கணக்கு எழுதும் வேலை. மனைவி ஈப்போக்காரர். ஒன்பது வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். தங்கை ஒருவர் அங்கேயே இருக்கிறார். வாப்பா மவுத்தாகிவிட்டார். கீழக்கரையில் ‘வாப்பா வீடு’ பூட்டிக் கிடக்கிறது. அங்குள்ளதை எல்லாம் விற்றுவிட்டு நிரந்தரமாக வந்துவிடலாமா, என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: “உம்மா மட்டும் வேண்டாம் என்கிறார், ஏன் என்று சொல்லமாட்டேன் என்கிறார்.”

நான் முப்பது வருடத்துக்கு மேலாக ராமநாதபுரம் பக்கம் பத்திரம் எழுதுகிறவன். மலேசியா, சிங்கப்பூர், கொழும்பு என்று போன குடும்பங்களின் பாகப்பிரிவினையும் பவர் பத்திரமும்தான் என் பிழைப்பில் பாதி. அதோடு நானே ஒரு திரும்பி வந்த கேஸ். அதை அப்புறம் சொல்கிறேன்.

காகிதம்தான் இதில் சுலபமான பகுதி, அதை முதலில் முடித்துவிடலாம். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. அதற்குப் பதிலாக 2005ல் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்ததுதான் ஓசிஐ (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டை. பழைய பிஐஓ (இந்திய வம்சாவளியினர்) அட்டை 2015 ஜனவரியில் இதோடு சேர்ந்துவிட்டது. பெயரில் ‘சிட்டிசன்’ என்று இருக்குமே தவிர இது குடியுரிமை இல்லை, ஆயுசுக்கும் செல்லும் விசா. எத்தனை தடவை வேண்டுமானாலும் வரலாம், எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம், வெளிநாட்டவர் பதிவு என்று எங்கும் போய் நிற்க வேண்டாம், தனியார் வேலை பார்க்கலாம், கடை வைக்கலாம். ஓட்டுப் போட முடியாது. விவசாய நிலம் வாங்க முடியாது. பத்திரிகை வேலை, ஆராய்ச்சி, தப்லீக் என்ற மார்க்கப் பிரசாரப் பணி ஆகியவற்றுக்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். உங்கள் ஊரில் பள்ளிவாசலில் பழகியவர்கள் “ஜமாத்துக்கு வாங்க தம்பி” என்று உரிமையோடு கூப்பிடுவார்கள் என்பதால் இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வையுங்கள்.

உங்கள் உம்மா இன்னும் சிவப்பு ஐசியில் (மலேசியாவின் நிரந்தரவாசி அட்டை), இந்தியப் பாஸ்போர்ட்டோடுதான் இருக்கிறார் என்றால் வேலை சுலபம். அவர் பாஸ்போர்ட் நகலும் உங்கள் பிறப்புச் சான்றும் பேசிவிடும். நீல ஐசிக்கு, அதாவது மலேசியக் குடியுரிமைக்கு, மாறியிருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்ததற்கான சான்று கேட்பார்கள். நான் பார்த்தவரை இழுபறி ஆவதெல்லாம் பெயரில்தான். இங்கே பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், அங்கே பிறப்புச் சான்றில் வேறொன்று, நடுவில் இன்னார் மகன் என்று ஒரு ‘பின்’, இன்னார் மகள் என்று ஒரு ‘பிந்தி’. அதை முதலில் சரிபாருங்கள். மனைவிக்கு அவர் முன்னோர் வழியிலேயே விண்ணப்பிக்க முடிந்தால் அதுதான் நல்லது. கணவர் வழியில் வாங்கினால் திருமணம் பதிவாகி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும், தலாக் என்று வந்தால் அட்டையும் போய்விடும். பிள்ளைகளுக்குச் சிக்கல் இல்லை. கட்டணம் அங்கே தலைக்கு 275 அமெரிக்க டாலர் கணக்கு.

இந்தியக் குடியுரிமையே வாங்கிவிடலாமா? ஓசிஐயாகப் பதிவாகி ஐந்து வருடம் ஆகி, விண்ணப்பிக்கும் முன் பன்னிரண்டு மாதம் இங்கேயே குடியிருந்தால் கேட்கலாம். கேட்காதீர்கள். மலேசியப் பாஸ்போர்ட்டை விட்டால் அதைத் திரும்ப வாங்குவது நடக்கிற காரியம் இல்லை. குடியுரிமையை விட்டுவிட்டால் 55 வயது வரை காத்திருக்காமல் ஈபிஎப் பணத்தை எடுக்கலாமே என்று யாராவது ஆசை காட்டுவார்கள். காது கொடுக்காதீர்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

‘வாப்பா வீடு’ என்று நான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கீழக்கரையில் அப்படி ஒன்று இருப்பது அபூர்வம் தம்பி. உங்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும். கல்யாணம் ஆனால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குக் குடி வருவார். சபர், அதாவது வெளிநாடு, போய்ச் சம்பாதித்து அனுப்பிய ஆண்களின் காசில்தான் அத்தனை வீடும் எழும்பியிருக்கிறது, ஆனால் அவை லாத்தா (அக்கா) பெயரில், தங்கச்சி பெயரில், பொண்டாட்டி பெயரில், மகள் பெயரில் இருக்கும். ஆண் பிறந்த வீடு ஒன்று, வாழப்போன வீடு இன்னொன்று, இரண்டிலும் பத்திரத்தில் அவர் பெயர் இருக்காது. ஆகவே நீங்கள் ‘வாப்பா வீடு’ என்று சொல்வது எது? அவர் பிறந்து வளர்ந்த வீடா? அப்படியானால் அது அநேகமாக உங்கள் மாமி வீடு, இப்போது மாமி மகளுடையது. அவர் உம்மாவைக் கட்டிக் குடியிருந்த வீடா? அப்படியானால் அது உங்கள் உம்மாவின் வீடு. அவர் உயிரோடு இருக்கும்போது அதில் உங்களுக்கு உரிமை என்று ஒன்று இன்னும் பிறக்கவே இல்லை. ஊர் வழக்கப்படி பார்த்தால் அது போக வேண்டியது உங்கள் தங்கைக்கு.

சட்டம் வேறு, வழக்கம் வேறு. ஷரீஅத் சட்டப்படி தாய் சொத்தில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. ஆனால் உங்கள் ஊரில் பெரியவர்கள் சாகும்வரை காத்திருக்காமல் மகளின் கல்யாணத்தின்போதே வீட்டைச் செட்டில்மெண்டாக எழுதி வைத்துவிடுவார்கள், பங்குக் கணக்கு அதோடு முடிந்தது. உங்கள் உம்மா தங்கைக்கு அப்படி ஏதாவது எழுதியிருக்கிறாரா? எழுதவில்லை என்றால், எழுதுவதாக மனதில் வைத்திருக்கிறாரா? அவர் வேண்டாம் என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். மகனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமலும் இருக்கலாம்.

சில வருடத்துக்கு முன் பினாங்கிலிருந்து ஒருவர் என் மேசைக்கு வந்தார். உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவர். கையில் ஒரு மைலோ டப்பா. மூடியைத் திறந்து உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். அவர் வாப்பா முப்பது வருடமாக ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுகள், சிமெண்டுக் கணக்கு எழுதிய ஒரு கோடு போட்ட நோட்டு, தேக்குக் கதவுக்கு முன்பணம் கொடுத்த துண்டுச் சீட்டு, 1980களின் வீட்டு வரி ரசீது நான்கைந்து. எல்லாம் இருந்தது, மூலப்பத்திரம் மட்டும் இல்லை. வரி ரசீது சொத்துரிமை ஆகாது என்று அவரிடம் சொல்லும்போது எனக்கே சங்கடமாக இருந்தது. வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். வீடு அவர் மாமி பெயரில் இருந்தது, மாமி அதை மகளுக்கு எழுதி இருபது வருடம் ஆகியிருந்தது. மறுநாள் அவரோடு நானும் அந்த வீட்டுக்குப் போனேன். மாமிக்கு எண்பதைத் தாண்டியிருக்கும். வந்தவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார், தொதல் என்ற இனிப்பை வெட்டிவைத்தார், பசியாறிவிட்டுத்தான் போகவேண்டும் என்று உட்கார வைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: “இது உங்க வாப்பா பொறந்த வூடு. உங்க வாப்பா வூடு இல்ல. நீ எப்ப வந்தாலும் படுத்துக்க, சாவி கேக்காத.” அந்த அம்மாளிடம் தப்பு எதுவும் இல்லை. வந்தவரிடமும் இல்லை. அவர் மூன்று மாதம் அந்த வீட்டு மாடியில் இருந்துவிட்டு, மதுரையில் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கிக்கொண்டு போனார். பெருநாளுக்கு இன்றும் அந்த மாமி வீட்டில்தான் சாப்பாடு.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, இந்த மூன்றும் யார் பெயர் சொல்கின்றன என்று பார்ப்பது. மின் இணைப்பும் வீட்டு வரியும் யார் பெயரில் ஓடுகின்றன என்பது துணைச் சாட்சி மட்டும்தான். வில்லங்கம் இணையத்திலேயே போட்டுவிடலாம், மிகப் பழைய வருடங்களுக்கு மனுக் கொடுத்துத் தேட வேண்டும். இங்கே யாருக்காவது பவர் கொடுப்பதாக இருந்தால் கோலாலம்பூரில் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்தை அத்தாட்சி செய்து அனுப்புங்கள். அந்தக் காகிதம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். நிறையப் பேர் அதைப் பீரோவில் வைத்துவிட்டு ஒரு வருடம் கழித்து எடுத்து வருவார்கள். விற்கும் அதிகாரத்தை மட்டும் அதில் சேர்க்காதீர்கள், சொந்தத் தாய்மாமனாக இருந்தாலும் சரி. வரி கட்ட, பட்டா மாறுதலுக்கு மனுச் செய்ய, வீட்டைப் பழுது பார்க்க, அவ்வளவு போதும்.

நிலம் பற்றி ஒரு வார்த்தை. வாப்பா பெயரில் பனங்காடோ புஞ்சையோ இருந்தால் அது வாரிசாக உங்களுக்கு வரலாம், தடை இல்லை. அதை ஒட்டிய அடுத்த புஞ்சையை விலைக்கு வாங்கத்தான் கூடாது. வீடு, மனை, கடை எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம், பணம் வங்கி வழியாக வர வேண்டும். “அதுக்கென்ன மச்சான், நிலத்தை என் பேருல வாங்கிப்போடு” என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். பினாமிச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நாளைக்கு அவர் மவுத்தானால் அவர் மகனுக்கு உங்கள் ஒப்பந்தம் தெரியாது. அந்நியச் செலாவணிச் சட்டத்தில் அபராதம் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகும். கடலைப் பார்த்த மனை என்று யாராவது காட்டினால், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் உண்டு என்பதைக் கேட்டுவிட்டுப் பிறகு அலையைப் பாருங்கள். எதிரே தெரிகிற தீவுகள் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை, 1986ல் அறிவித்தது. படகு எடுத்துக்கொண்டு நினைத்தபோது போய் இறங்க முடியாது.

இனி என் கதை. நான் பிறந்தது இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். என் அப்பாவும் அங்கேதான் பிறந்தார். முதுகுளத்தூர்ப் பக்கத்திலிருந்து போனவர் தாத்தா. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் எங்களைப் போன்ற தோட்டத் தமிழர்களைப் பற்றி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பேசிக்கொள்வோம் என்று. அந்த மிச்சத்தை 1974ல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த வருடம்தான் நாங்கள் வந்தோம், எனக்கு ஒன்பது வயது. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். இந்தியாவில் எப்படி இருக்குமோ என்று அம்மா எங்கள் மூன்று பேருக்கும் கம்பளிச் சட்டை போட்டுக் கூட்டி வந்தாள். ஆனி மாதம். மண்டபம் முகாமில் வரிசையில் நிற்கும்போது தம்பி மயங்கி விழுந்தான். ஒரு போலீஸ்காரர் சட்டையைக் கழற்றித் தண்ணீர் தெளித்தார்.

பலரை நீலகிரித் தோட்டங்களுக்கும் மில்களுக்கும் அனுப்பினார்கள். அப்பா மட்டும் “சொந்த ஊருக்குத்தான் போவேன்” என்று நின்றார். அவர் ஒருநாளும் பார்த்திராத சொந்த ஊர். தாத்தா சொல்லிச் சொல்லி, கண்மாய் எங்கே, அய்யனார் கோயில் எங்கே, எந்தப் புளியமரத்துக்கு நேரே நம் வீடு என்று அப்பாவுக்கு மனப்பாடம். புளியமரம் இருந்தது. வீட்டில் வேறு ஆள் இருந்தார்கள். பங்காளிகள் சிலோன் சோப்பு கேட்டார்கள், எங்களிடம் சோப்பு இல்லை. இரண்டாம் நாள் பெரியவர் ஒருவர் கேட்டார்: “எதுக்கு வந்திருக்கீக? காணியில பங்கு கேக்கவா?” நான் ‘தேத்தண்ணி’ என்று சொன்னால் பள்ளிக்கூடமே சிரிக்கும். என் பட்டப்பெயர் பத்தாம் வகுப்பு வரை ‘சிலோன்’.

உங்கள் நிலைமையும் எங்கள் நிலைமையும் ஒன்றில்லை. நாங்கள் அனுப்பப்பட்டவர்கள், கையில் ஒரு குடும்ப அட்டையும் இரண்டு தகரப்பெட்டியும். நீங்கள் விரும்பி வருகிறீர்கள், திரும்பிப் போகப் பாஸ்போர்ட் இருக்கிறது. ஆனால் ஒன்று மாறவில்லை. அப்பாவின் மனதில் இருந்தது தாத்தா கப்பலேறிய வருடத்து ஊர். உங்கள் மனதில் இருப்பது 1979ம் வருடத்துக் கீழக்கரை. அதை உங்களுக்குச் சொன்னவர் கிள்ளானில் கடை மூடிய பிறகு இரவு பன்னிரண்டு மணிக்கு ஏங்கி ஏங்கிச் சொல்லியிருப்பார். ஏங்குகிறவன் தண்ணீர்க் கஷ்டத்தைச் சொல்லமாட்டான்.

தண்ணீர் என்றதும் நினைவு வருகிறது. உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இரண்டு தண்ணீர் உண்டு, உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர். போர் போட்டால் வருவது உப்பு. குளிக்க, துவைக்க அது. அதில் சோப்பு நுரைக்காது, குழாய் ஒரு வருடத்தில் பல்லிளித்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர், காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு முன்னைக்கு இப்போது பரவாயில்லை. ஆனாலும் லாரித் தண்ணீரும் குடத் தண்ணீரும் இல்லாமல் கோடை கழியாது. மலேசியாவில் பிற்பகல் ஆனால் மழை. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு வருவதுதான் வருடத்து மழையில் பெரும்பங்கு. மற்ற மாதங்களில் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். உங்கள் மனைவி குழாயைத் திறந்ததும் தண்ணீர் வரும் வீட்டில் பிறந்தவர். “இன்றைக்கு நல்ல தண்ணீர் வரும் நாள்” என்று காலை ஐந்து மணிக்கு எழுந்து டிரம்மை நிரப்புவது அவர் தலையில்தான் விழும்.

மனைவியைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது, ‘ஈப்போ’. அவர் என்ன சொல்கிறார் என்று எழுதவே இல்லை. உங்கள் ஊரில் பெண்ணுக்குப் பலமே தன் உம்மா வீட்டில் இருப்பதுதான். கல்யாணம் ஆகியும் அதே அடுப்பங்கரை, அதே தெரு, சுற்றிலும் லாத்தாமார், சின்னம்மாமார். அதனால் அந்த ஊர்ப் பெண்கள் தைரியமானவர்கள். உங்கள் மனைவிக்கு அங்கே உம்மா வீடு இல்லை. கணவன் ஊருக்கு வந்த ‘மலேசியாப் பொண்ணு’ என்று ஊர் வழக்கத்துக்கே புதிதான ஒரு இடத்தில் அவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள். ஈப்போவில் தானே கார் ஓட்டிப் போய்ச் சாமான் வாங்கி வருகிறவருக்கு, தெருவில் யாரோடு பேசினார் என்பதும் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குத் தெரிந்துவிடும் இடம் மூச்சு முட்டலாம், முட்டாமலும் போகலாம். அது அவருக்குத்தான் தெரியும். என்னைக் கேட்டால் முதல் வருடம் ராமநாதபுரம் டவுனில் வாடகைக்கு வீடு எடுங்கள். கீழக்கரை பதினேழு, பதினெட்டு கிலோமீட்டர், அரை மணி நேரத்தில் போகலாம். பள்ளிக்கூடம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ரயில் எல்லாம் டவுனில். பெரிய வைத்தியத்துக்கு எப்படியும் மதுரைதான். சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். “இத்தனை வூடு இருக்கு, வாடகைக்கா?” என்பார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

பிள்ளைகள் பழகிவிடுவார்கள், தமிழ்ப் பள்ளியில் படித்திருந்தால் இன்னும் சீக்கிரம். ஒன்றை மட்டும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். 2021 மார்ச் 4ம் தேதிக்குப் பிறகு ஓசிஐ வாங்குகிற பிள்ளைகள், இங்கேயே படித்து நீட் எழுதினாலும், வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீட்டில்தான் மருத்துவ இடம் கேட்க முடியும். அந்தக் கட்டணம் வேறு ரகம். மூத்த பிள்ளை டாக்டராக வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிழைப்பு. கணக்கு வேலையை இங்கிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கக் கம்பெனி சம்மதித்தால் அதைவிட நல்லது இல்லை. இரண்டரை மணி நேர வித்தியாசம், அங்கே ஒன்பது மணி என்றால் இங்கே ஆறரை, மதிய லுஹர் தொழுகைக்குப் பிறகு கொஞ்ச நேரத்தில் வேலை முடிந்துவிடும். கம்பெனி சம்மதிக்காமல் இங்கே வேலை தேடினால், மாதக் கடைசியில் கைக்கு வருவதை ரிங்கிட்டில் மாற்றிப் பார்த்து மனம் சுருங்கும். ராமநாதபுரம் கரையில் மீன், பனை, உப்பு, உள்ளே போனால் முண்டு மிளகாய், ராமேஸ்வரத்தில் யாத்திரைக்காரர்கள், மிச்சமெல்லாம் வெளிநாட்டுப் பணம். ‘ரொட்டி சானாய் கடை போடலாம்’ என்று ஒரு யோசனை உங்களுக்கு வந்தே தீரும், வந்த எல்லோருக்கும் வந்திருக்கிறது. முதல் மூன்று மாதம் கூட்டம் வரும். அப்புறம் பரோட்டாவுக்கே போய்விடுவார்கள்.

வரி விஷயத்தில் நல்ல செய்தி உண்டு. வருடத்தில் 182 நாள் தங்கினால் நீங்கள் இங்கே வரிக் கணக்கில் குடியிருப்பவர். ஆனால் இத்தனை வருடம் வெளியே இருந்தவருக்கு முதல் இரண்டு, சில சமயம் மூன்று வருடம் ‘சாதாரணமாகக் குடியிருக்காதவர்’ என்ற இடைநிலை கிடைக்கும். அந்தக் காலத்தில் மலேசிய வீட்டு வாடகை, அங்குள்ள வட்டி ஆகியவற்றுக்கு இங்கே வரி இல்லை. இங்கே உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கான சம்பளம் அந்தச் சலுகையில் வராது, அது இந்திய வருமானம்தான். இடைநிலை முடிந்ததும் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே காட்ட வேண்டும், வெளிநாட்டுக் கணக்குகளையும் சேர்த்து. ஆகவே கிள்ளான் வீட்டை விற்பதா வேண்டாமா என்பதை அந்த முதல் இரண்டு வருடத்துக்குள் ஒரு நல்ல ஆடிட்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். இப்போதே விற்காதீர்கள். வாடகைக்கு விடுங்கள். ஆதாருக்கும் 182 நாள் தங்கியிருக்க வேண்டும், பான் அட்டையை அதற்கு முன்பே வாங்கிவிடலாம்.

இதையெல்லாம் தாண்டி ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரில் இளவட்டங்கள் பாதிப் பேர் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊருக்கு வெளிநாட்டுக் குடியுரிமையோடு ஒருவர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினால் முதலில் சந்தோஷப்படமாட்டார்கள், சந்தேகப்படுவார்கள். அங்கே கடனா, கேஸா, வேலை போய்விட்டதா? இரண்டு மாத லீவில் வருகிற சபராளிக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. கைலி, கோடாலித் தைலம், மைலோ, விருந்து, வழியனுப்பு. திரும்பிப் போகாத சபராளியை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் போன பிறகும் “எப்ப பயணம்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். துரத்துவதற்காகக் கேட்கவில்லை, அங்கே சபராளியை விசாரிக்கும் முறையே அதுதான். ஆனால் நூறாவது தடவை கேட்கும்போது உங்களுக்குச் சுருக்கென்று குத்தும். என்னை ‘சிலோன்’ என்று கூப்பிட்டவர்களும் மனதில் ஒன்றும் வைத்துக் கூப்பிடவில்லை.

அதே ஊரில் உங்களுக்குச் சாதகமானதும் உண்டு. பசியாறுவது என்ற சொல்லை நீங்கள் கிள்ளானில் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியேதான் இங்கேயும் சொல்கிறார்கள். மதுரையில் போய்ச் சொன்னால் ஒரு நிமிடம் யோசிப்பார்கள், கீழக்கரையில் யோசிக்கமாட்டார்கள். தொதலே அந்தக் கடல் தாண்டி வந்த பண்டம்தானே. இந்தக் கரை நூற்றாண்டுக் கணக்கில் போய்வந்து பழகிய கரை, வெளியூர் வாசனை அதற்குப் புதிதில்லை. நீங்கள் வாப்பாவின் இடத்தை நிரப்ப வந்தவராக நடக்காமல், கிள்ளானிலிருந்து வந்த ஒரு மனிதராகவே நடந்தால், இரண்டு வருடத்தில் இடம் கொடுத்துவிடுவார்கள். என் அப்பா கடைசிவரை பங்காளிகளிடம் “நானும் இந்த ஊர்தான்” என்று நிரூபித்துக்கொண்டே இருந்தார், அவர்கள் கடைசிவரை நம்பவில்லை. நான் அதை விட்டுவிட்டு டவுனுக்கு வந்து மேசை போட்டேன். இப்போது அதே பங்காளிகளின் பத்திரத்தை நான்தான் எழுதுகிறேன்.

வரலாமா என்று கேட்டீர்கள். வரலாம், ஆனால் இப்போதே ‘நிரந்தரமாக’ என்று சொல்லாதீர்கள். ஓசிஐக்கு இன்றே போட்டுவிடுங்கள், அது எப்படியும் வீண் போகாது. வேலையில் ஒரு வருட விடுப்போ, வீட்டிலிருந்து வேலையோ கேட்டுப் பாருங்கள். டிசம்பர் விடுமுறையில் பத்து நாள் வந்து, தென்றல் மாதிரி காற்று வீசுகிறது என்று முடிவெடுக்காதீர்கள். ஒரு சித்திரை, வைகாசியைப் பார்க்க வேண்டும், ஒரு ஐப்பசியைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, நல்ல மீன் விலை ஏறிவிடும். அந்த இரண்டு மாதமும் இங்கே இருந்து பாருங்கள்.

அதற்கு முன், இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, பிள்ளைகள் இல்லாத நேரமாகப் பார்த்து உம்மா பக்கத்தில் உட்காருங்கள். ஏன் வேண்டாம் என்று மறுபடியும் கேட்காதீர்கள். மூலப்பத்திரம் யாரிடம் இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். மிச்சத்தை அவரே சொல்லிவிடுவார். தங்கையையும் கூட வைத்துக்கொண்டு கேட்டால் இன்னும் நல்லது. பத்திரத்தின் முதல் பக்கத்தையும் சொத்து விவரம் இருக்கும் பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். பழைய கையெழுத்தாக இருந்தால் படிப்பது சிரமம்தான், ஆனால் எனக்குப் பழக்கம். வரும்போது ஐப்பசியிலேயே வாருங்கள். எத்தனை வருடமாகப் பூட்டிக் கிடக்கிற வீடு அது, எங்கெங்கே ஒழுகுகிறது என்பதையாவது பார்த்துவிடலாம்.